இடது பக்கம் ஏறுகிறவர்கள்

நான் டவுன் பஸ் டிரைவர். என் பொண்டாட்டியோட தங்கச்சி கண் ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுக்கிறவ. அவ புருஷன், அதாவது என் சகலை, எங்க டிப்போவுலயே ஸ்பேர் டிரைவர். யாராவது லீவு போட்டாத்தான் அவனுக்கு வண்டி. இந்த மூணையும் சேர்த்து வச்சுப் பாருங்க. அப்புறம் நான் சந்தேகப்பட்டது தப்புன்னு சொல்லுங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, எங்க வீட்டுல எல்லாரும் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். இடது பக்கம் இருந்த தண்ணி டம்ளரைத் தட்டிவிட்டுட்டேன். டம்ளரைத் தட்டாத மனுஷன் உண்டா? கொழுந்தியா துணியால துடைச்சுக்கிட்டே, "அத்தான், இது இன்னிக்கு ரெண்டாவது தடவை. ஒரு நாள் வந்து கண்ணைக் காட்டிட்டுப் போங்களேன்"னு சொன்னா. சகலை தலையைக் குனிஞ்சு தட்டையே பாத்துக்கிட்டிருந்தான். எனக்கு அப்பவே பொறி தட்டிடுச்சு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. எனக்குக் கண்ணு சரியில்லைன்னு ஒரு காகிதம் வந்துட்டா என் சீட்டுல யார் உக்காருவான்?

"தெருக்கோடியில வர்றவனோட சட்டைப் பட்டன் என்ன கலர்னு சொல்லட்டுமா?"ன்னு கேட்டேன்.

"நேரா பாக்கிறதைச் சொல்லல அத்தான், பக்கவாட்டைச் சொல்றேன்."

பேச்சைப் பாருங்க, வக்கீல் தோத்துப் போவான்.

டிப்போவுல வருஷா வருஷம் கண் டெஸ்ட் உண்டு. எழுத்துப் பலகை எங்க ஓய்வறைச் சுவத்துலயேதான் தொங்குது. டீ குடிச்சுக்கிட்டே பாத்துப் பாத்து எல்லாருக்கும் மனப்பாடம். டாக்டர் குச்சியை வைக்கிறதுக்குள்ள அடுத்த எழுத்து வாயிலிருந்து வந்துடும். அதுல நான்தான் முதல் மாணவன். எனக்கா கண்ணு தெரியலை?

அப்புறம் சர்ச்சுல ஒரு கூத்து. பாஸ்டர் ஞானத்தைப் பத்திப் பேசினார். அது எங்கேயும் ஒளிஞ்சுக்கிட்டு இல்லையாம். தெருவுல, முச்சந்தியில நின்னு சத்தம் போட்டுக் கூப்பிடுதாம். காதுல விழுந்தும் விழாத மாதிரி போறவன் தன் வழிக்கு உண்டான பலனைத் தானே சாப்பிடணுமாம். சொல்லும்போது மூணாவது பெஞ்சைப் பாத்தார். மூணாவது பெஞ்சுல யாரு? நான். முந்தின நாள் கொழுந்தியா பாஸ்டர் வீட்டுக்குப் போயிட்டு வந்ததும் எனக்குத் தெரியும்.

"உன் தங்கச்சி ஆண்டவரையே கட்சியில சேத்துட்டா"ன்னு வர்ற வழியில பொண்டாட்டிகிட்ட சொன்னேன்.

"காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்"னு சொல்லிட்டு அவ முன்னால நடந்துட்டா.

போன வாரம் ஒரு ஸ்டாப்புல வண்டியைக் கிளப்பினேன். கண்டக்டர் விசில் மேல விசில் ஊதினான். பிரேக்கைப் போட்டுட்டுத் திரும்பிப் பாத்தா, ஊன்றுகோலோட ஒரு அம்மா, ஒரு கால் படியில, ஒரு கால் தரையில.

"சைடு கண்ணாடியில தெரியலையாண்ணே?"ன்னு கண்டக்டர் கேட்டான்.

இவன் தினமும் சகலையோட டீ குடிக்கிறவன். புரிஞ்சு போச்சு, எல்லாரும் கூட்டு. நேரா கொழுந்தியாவுக்குப் போன் போட்டு, "நாளைக்குக் காலையில வர்றேன். உன் மெஷின்லயே பாஸ் பண்ணிக் காட்டுறேன், அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது"ன்னு சொன்னேன்.

இருட்டான சின்ன ரூம். பெரிய வெள்ளைக் கிண்ணத்தைக் கவுத்து நிறுத்தின மாதிரி மெஷின். ஒரு கண்ணை மூடிக்கிட்டு நடுப் புள்ளியையே பாக்கணும். சுத்தி எங்க வெளிச்சம் மின்னினாலும் கையில இருக்கிற பட்டனை அமுத்தணும். வலது கண்ணுல மின்னிக்கிட்டே இருந்துது. இடது கண்ணுல பல தடவை மின்னவே இல்லை. ஆனா ஒவ்வொரு தடவையும் மெஷின் 'டிக்'குனு ஒரு சத்தம் போடுறதைக் கண்டுபிடிச்சுட்டேன். எங்ககிட்டயேவா? டிக்குன்னா ஒரு அமுத்து. தாளம் தப்பாம அமுத்தினேன்.

பாதியில அவ மெஷினை நிறுத்திட்டா.

"அத்தான், இது நடுநடுவுல சத்தத்தை மட்டும் போடும், வெளிச்சம் காட்டாது. நீங்க அதுக்கும் அமுத்துறீங்க."

எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை. அவ திட்டலை. தாடையைச் சரியா வச்சுவிட்டு, "இந்தத் தடவை தெரிஞ்சா மட்டும் அமுத்துங்க"ன்னு சொன்னா.

டிக். டிக். டிக். விரல் பட்டன் மேலயே கிடந்துது. இடது ஓரத்துல அமுத்த ஒண்ணுமே வரலை. பயந்துட்டேன்.

இடது கண்ணோட படத்துல இடது ஓரம் பூராவும் கறுப்பு.

"கண்ணுல பிரஷர் அத்தான். போன பார்வை திரும்பாது. மருந்து போட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம். டாக்டர் சொல்லுவார்."

"அன்னிக்கே வந்திருந்தா?"

அவ காகிதத்தை அடுக்கிக்கிட்டே இருந்தா. நான் சொன்னேனேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுவான்னு பாத்தேன், சொல்லலை.

ஜனங்க வண்டியில ஏறுறது இடது பக்கம். இறங்குறதும் இடது பக்கம். இத்தனை நாளா ஒருத்தரையும் இடிக்காம ஓட்டினது என் திறமைன்னு நினைச்சிருந்தேன்.

"டிப்போவுக்குச் சொல்லிடுவியா?"

"நான் சொல்ல மாட்டேன் அத்தான். ரிப்போர்ட் உங்க கையிலதான் இருக்கு."

மடிச்சுச் சட்டைப் பையில வச்சா முடிஞ்சுது. சுவத்துப் பலகை எனக்கு மனப்பாடம். ரிட்டையர் ஆகிற வரைக்கும் ஓட்டலாம். ஆஸ்பத்திரி வாசல்ல ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் டிப்போ கிளார்க்குக்குப் போன் போட்டேன்.

"மத்தியானம் நான் வரலை. என் சகலையைக் கூப்பிட்டுக்கங்க. எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியலை."

"ஐயோ, எப்பலேருந்துண்ணே?"

இன்னிக்குக் காலையிலேருந்துன்னு சொன்னா தப்பிச்சுக்கலாம். டிப்போவுக்குள்ளயே வண்டி ஓட்டாத வேலை ஏதாவது குடுப்பாங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு.

"மூணு வருஷமா."

கிளார்க் மெதுவா கேட்டார். "என் பொண்ணு தினமும் உங்க வண்டியிலதானேண்ணே ஏறுறா?"