மதகுக் காவலர் தேரை

பதினோரு நாள் பாடுபட்டு எடுத்த ஒரு பெருமூச்சை க்ளைவ் சில்காட் வேண்டாம் என்று சொன்னதில் தொடங்கியது எல்லாம்.

பெருமூச்சு விட்டது ஒரு பொம்மைப் படத்தின் களிமண் நத்தை. பிரிஸ்டலில், ஆற்றோரத்துப் பழைய கிடங்கில், கறுப்புத் திரைகளுக்கு நடுவே ஹெஸ்டர் டிம்ப்ரெல் அதை மயிரிழை நகர்த்துவாள், ஒரு படம் எடுப்பாள், மறுபடி நகர்த்துவாள். நாள் முழுக்க நின்று இடுப்பு விட்டுப்போனால் அரை விநாடிப் படம் தேறும். அதுவும் நல்ல நாளில். இயக்குநர் சில்காட், மூச்சு கொஞ்சம் முந்திவிட்டது என்றார். இன்னொரு பதினோரு நாள் எடுத்தாள். அதையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"இல்ல ஹெஸ்டர், முதல்ல எடுத்ததுலதான் உயிர் இருக்கு. அதையே வச்சுக்கலாம்."

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். போதவில்லை.

மறுவாரம் படத்தின் வில்லன் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தான். கால்வாய் மதகைக் காக்கும் ஒரு தேரை. வருகிற படகுக்கெல்லாம் நொட்டை சொல்லி நிறுத்திவைப்பதே அவன் பிழைப்பு. பார்த்ததுமே சில்காட்டைப் பழிவாங்க ஹெஸ்டருக்கு வழி தெரிந்துவிட்டது.

சில்காட்டுக்கு ஒரு வழக்கம். யாருடைய வேலையிலாவது குறை சொல்லுமுன் குதிகாலைத் தூக்கி நிற்பார். கண்ணை மூடுவார். மூக்கால் நீளமாக மூச்சிழுப்பார். பிறகு ஆள்காட்டி விரலை உயர்த்தி, "ஒரு சின்ன விஷயம்" என்பார். அந்தச் சின்ன விஷயம் மதியச் சாப்பாடு வரை நீளும்.

பொம்மையை அசைக்குமுன் அந்த அசைவை ஆளே நடித்துப் பார்ப்பது தொழில் முறை. ஹெஸ்டர் கண்ணாடி முன் நின்று அவரைப் போலச் செய்து பார்த்தாள். ஒத்திகையே வேண்டியிருக்கவில்லை, முதல் தடவையிலேயே அச்சு அசலாக வந்தது. தன் திறமை அவளுக்கே வியப்பாக இருந்தது.

பொம்மைகள் செய்கிற டென்சிலிடம் போய், தேரை மூச்சிழுக்கும்போது மாற்றி மாற்றிப் பொருத்த, ஒன்றைவிட ஒன்று உப்பிய நாலு வயிறுகள் கேட்டாள். ஒரு துண்டுக் காட்சியையும் காட்டினாள்.

"யாருன்னு தெரியுதா?"

டென்சில் வாய்விட்டுச் சிரித்தான். "தெரியாம என்ன கண்ணு? பதினாலு வருஷமா பாக்கறேனே! உனக்குக் குசும்பு அதிகம்."

"வெளியில சொல்லிடாதே."

"நான் எதுக்குச் சொல்லணும்? பாக்கறவனுக்குத் தெரியாதா?"

தேரைக்கு ஒன்பது வாரம் பிடித்தது. அவள் அவ்வளவு மகிழ்ச்சியாக அதற்குமுன் வேலை செய்ததே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் எல்லோரும் கூடி உட்கார்ந்து தேரை வரும் காட்சியைப் பார்த்தார்கள். தேரை குதிகாலைத் தூக்கியதும் ஒரு சிரிப்பு எழுந்தது. விரலை உயர்த்தியதும் கூரை பிய்த்துக்கொண்டது. ஹெஸ்டர் கடைசி வரிசையில் வேலை போவதற்குத் தயாராக, கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தாள். விளக்கு எரிந்தது. சில்காட் கண்ணைத் துடைத்துக்கொண்டே நேராக அவளிடம் வந்தார்.

"ஹெஸ்டர், உனக்கு எவ்வளவு பெரிய மனசு! தன்னைத்தானே இப்படிக் கிண்டல் பண்ணிக்க யாருக்கு வரும்?"

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது அவர் போய்விட்டிருந்தார். நேரே டென்சிலின் பட்டறைக்கு ஓடினாள்.

"டென்சில், அது சில்காட்! நானா அது?"

"சில்காட்டா?" அவன் சுரண்டு கத்தியைக் கீழே வைத்தான். "அந்தாளும் அப்படிப் பண்ணுவாரு, சரிதான். ஆனா தினம் என் மேசைக்கு வந்து அப்படி நிக்கறது நீதானே, கண்ணு?"

"நான் என்னைக்கு அப்படி நின்னேன்?"

"போன செவ்வாய்க்கிழமை. நத்தைக் கொம்புக்கு."

ஹெஸ்டர் மறுத்துப் பேசுவதற்காகக் கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சிழுத்தாள். விரல் தானாக உயர்ந்தது. "ஒரு சின்ன விஷயம், டென்சில்..."

பட்டறையே கொல்லென்று சிரித்தது. குதிகால் தரையில் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மெல்ல இறக்கினாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வீட்டில் யாரிடமும் எந்தக் குறையும் சொல்லவில்லை. கணவன் அவளுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

திங்கட்கிழமை சில்காட் கூப்பிட்டனுப்பினார். இதற்குள் அவளுக்கு ஒரு முடிவு வந்திருந்தது. என்ன ஆனாலும் சரி, அந்தத் தேரை யார் என்பதைச் சொல்லிவிடுவது. இல்லாவிட்டால் ஒன்பது வாரப் பழி தன் தலையிலேயே விடிந்ததாக ஆகிவிடும்.

"உக்காரு," என்றார் அவர். "அடுத்த படத்தை நீயே இயக்கறே. அடுத்தவன் குறை யாருக்கும் தெரியும், ஹெஸ்டர். தன் குறை தெரியணும் பாரு, அதுதான் இயக்குநருக்கு அழகு. நான் அதை என்கிட்டயே பாத்திருக்கேன்."

"க்ளைவ், அந்தத் தேரை விஷயத்துல உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு." மேசையில் இருந்த, மாட்டுக்கறி அடைத்துச் சுட்ட பாஸ்டியை அவர் இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளினார். அதிலிருந்து ஆவி பறந்தது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளமே இல்லை. பாஸ்டியைப் பார்த்தாள்.

"வயிறு நாலும் டென்சில் செஞ்சது," என்றாள். "அவன் பேரையும் படத்துல கொஞ்சம் பெருசா போடணும்."

"போட்டுட்டாப் போச்சு!"

அவள் பாஸ்டியை எடுத்துக் கடித்தாள். மிளகு சற்றுத் தூக்கலாக இருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.