பட்டியலில் இல்லாத பெயர்

“இந்தக் கட்டத்துல மட்டும் ‘வேண்டாம்’னு போடு லீயான். நம்ம குடும்பப் பேரு அந்தப் பட்டியல்ல வரக் கூடாது.”

லீயானின் மாமியார் ஓபல் படிவத்தின் மேல் விரலை ஊன்றிக்கொண்டு நின்றாள். அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்தது, இருவரும் கவனிக்கவில்லை.

லீயான் எங்கள் சுரங்க ஊர் மருத்துவமனையில் மருந்து எழுதும் தகுதி பெற்ற நர்ஸ். ஆனால் வலி மாத்திரைக்கு அடிமையானவர்களை மீட்கும் மருந்தை எழுத, அப்போது தனிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. சனி ஞாயிறுகளை விட்டுக்கொடுத்து இருபத்துநான்கு மணி நேரம் படித்து அதையும் வாங்கிவிட்டாள். மிச்சம் ஒரே கேள்விதான்: உங்கள் பெயரைப் பொதுப் பட்டியலில் வெளியிடலாமா?

எங்கள் மேற்கு வர்ஜீனியாவில் புற்றுநோய் வந்த வீட்டுக்கு ஒரு வாரம் ஊரே சமைத்து அனுப்பும். மாத்திரை புகுந்த வீட்டுக்கு ஒரு கிண்ணம்கூட வராது. அவ்வளவு நல்லவர்கள் நாங்கள். அந்த ஊரில் எழுபது வருடம் வாழ்ந்தவள் ஓபல். பட்டியலைப் பார்த்து மாத்திரைக்காரர்கள் வாசலுக்கு வருவார்கள், சர்ச்சில் தன் பக்கத்து இருக்கை காலியாகிவிடும் என்று பயந்தாள். லீயான் சண்டைக்குப் போகாமல் ‘வேண்டாம்’ என்று குறித்தாள். வேறு யாருக்கும் தெரியாமல் சான்றிதழ் இழுப்பறைக்குள் போனது.

ஐந்து மாதம் கழித்து ஓபலின் இளைய மகன், லீயானின் கொழுந்தன் டுவேன் தன் வண்டிக்குள்ளேயே செத்துக் கிடந்தான். சுரங்கத்தில் முதுகு ஒடிந்தபோது டாக்டர் தொடங்கிவைத்த வலி மாத்திரைதான் காரணம். அதை விட முடியாமல் தவித்ததை அவன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவன் சட்டைப்பையில் இருந்த தாளை போலீஸ்காரர் கொண்டுவந்து கொடுத்தார். சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியல் அது. மிகப் பக்கத்தில் இருந்த பெயரே தொண்ணூறு மைல் தள்ளி. அதன் கீழ் டுவேன் கோடு போட்டிருந்தான்.

ஓபல் தாளை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தாள்.

“உன் பேரு எங்கடி?”

“நீங்கதானே அத்தை வேண்டாம்னீங்க.”

இறுதிச் சடங்கு நடத்துபவர் போனில் சாவுக்குக் காரணம் கேட்டபோது, ஓபல் “மாரடைப்பு” என்று சொல்லிவிட்டாள். அந்தப் பொய்க்குக் கூலியாகப் பத்தொன்பது பாத்திரம் சாப்பாடு வந்தது.

பாத்திரத்தின் அடியில் தங்கள் பெயரை ஒட்டி அனுப்புவதும், கழுவித் திருப்பிக் கொடுப்பதும் எங்கள் வழக்கம். அடுத்த திங்கட்கிழமை காலையில் லீயான் பத்தொன்பதையும் கவிழ்த்துவைத்து, ஒவ்வொரு பெயருக்குக் கீழும் புதிதாக ஒரு சீட்டு ஒட்டினாள். ‘டுவேன் மாத்திரையால் செத்தான். அதை விடவைக்கும் மருந்து எழுத எனக்குச் சான்றிதழ் உண்டு. லீயான்.’ கீழே போன் நம்பர்.

ஓபல் வந்து ஒரு சீட்டைப் படித்தாள். கிழிக்கப் போகிறாள் என்றே லீயான் நினைத்தாள். ஓபல் அழுதுகொண்டே பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

“வண்டிய எடு. பாதிரியார் வீட்டுல இருந்து ஆரம்பிப்போம்.”