ஒன்பது கிலோமீட்டர் சேறு

வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தபோது ஹரீஷ்குமாரின் கண்ணில் ஒரு குழாய் பட்டது. சுண்டுவிரல் தடிமனில் கறுப்பு ரப்பர் குழாய். எஞ்சினின் மேற்புறத்திலிருந்து இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வாயைத் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. போகும் வழியில் ஓடையில் இறங்கினால் தண்ணீர் முதலில் ஏறப்போவது இதன் வழியாகத்தான் என்று நினைத்தான். ஒரு போல்ட்டை எடுத்து அதன் வாயில் திருகினான். சுற்றிலும் கசிவை அடைக்கும் கேஸ்கெட் பேஸ்ட் பூசினான். கிளிப் போட்டு இறுக்கிவிட்டு எழுந்து கை கழுவினான்.

அவனுக்கு ஓட்டை என்றாலே ஆகாது. ஓசூர் சிப்காட்டில் ஒரு பம்பு கம்பெனியில் ஏழு வருடமாகக் கசிவுச் சோதனைப் பிரிவில் இருக்கிறான். வார்ப்பில் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்குவார்கள். ஒரே ஒரு குமிழி மேலே வந்தாலும் அந்த உருப்படி கழிவு. ஏழு வருடம் குமிழிகளையே பார்த்துப் பழகிய கண் அது. எதைப் பார்த்தாலும் எங்கே அடைக்கலாம் என்றுதான் தேடும்.

மூக்கண்டப்பள்ளி வீட்டு வாசலில் வைத்து, ஒரு வாரமாக ஷிப்ட் முடிந்ததும் வண்டியோடுதான் மல்லுக்கட்டினான். இருநூறு சிசி வண்டி, தார் ரோட்டிலும் ஓடும், காட்டிலும் ஓடும். சாலை டயரைக் கழற்றிவிட்டுச் சேற்றைக் கவ்வும் பட்டன் டயர் போட்டான். முன் மட்கார்டில் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடாமல் இருக்க, அதை ஒரு சாண் மேலே தூக்கி மாட்டினான். ஒயர் இணைப்பு ஒவ்வொன்றையும் பிரித்துக் கிரீஸ் வைத்தான். இரண்டு டியூப், ஒரு கைப்பம்பு, ஒரு கிளட்ச் கேபிள். இதில் பாதி வேலை ராயக்கோட்டை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கோபி சொல்லிக்கொடுத்தது. கோபி அவன் வயதுக்காரன். "எல்லாம் முடிச்சதும் ஒருவாட்டி எங்கிட்ட காட்டிட்டுக் கெளம்பு" என்று சொல்லியிருந்தான். ஹரீஷ் காட்டவில்லை. நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் அவன் கர்நாடகத்தில் தீர்த்தஹள்ளிக்கு அப்பால் ஒரு பாக்குத் தோட்டத்து வீட்டில் இருந்தாக வேண்டும். அன்று அங்கே ஒரு குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பேர் வைக்கிறார்கள். வைக்கப்போகும் பேர் ரேவதி. அவனுடைய மனைவியின் பேர்.

போன வருடம் ஜூலையில் மழை பார்க்க வேண்டும் என்று ரேவதிதான் கிளம்பச் சொன்னாள். அந்தத் தோட்டத்துப் பாதையில் வண்டியின் பின்னால் இருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. ஜீப் வராத மழை. தோட்டத்துக்காரர் திம்மப்பன் உழுகிற பவர் டில்லரில் டிரெய்லரை மாட்டினார். அவர் மனைவி காவேரி டிரெய்லரில் ஏறி உட்கார்ந்து ரேவதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தார் ரோடு வரை ஒன்பது கிலோமீட்டர் சேறு. ஹரீஷ் வண்டியில் பின்னாலேயே போனான். ரோட்டில் ஆம்புலன்ஸ் கிடைத்தது. நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ரேவதி கண் விழித்தாள், பேசினாள், இட்லி கேட்டாள், அவனைத் திட்டினாள். பத்தொன்பதாம் நாள் இரண்டாம் முறை வெடித்தது. அதற்குப் பின் ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் காவேரி போன் செய்திருந்தாள். ரேவதியே வாங்கிப் பேசினாள். அடுத்த போன் காரியத்தன்று வந்தது. வீடு நிறைய சனம். "ரேவதி ஹேகிதாளே?" என்று காவேரி கன்னடத்தில் கேட்டாள். எப்படி இருக்கிறாள் என்று. போனை வைத்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. "சென்னாகிதாளே" என்றான். நன்றாக இருக்கிறாள்.

அப்புறம் மாதம் ஒருமுறை அந்த போன் வந்தது. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். போன வாரம் காவேரியின் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. சாவின் வாசல் வரை போய்த் திரும்பி வந்தவளின் பேரை வைத்தால் குழந்தைக்கு ஆயுசு கெட்டி என்றாள் காவேரி. அவன் சரி என்றான். போனை வைத்த பிறகுதான் என்ன சரி சொன்னோம் என்பது உறைத்தது. பேர் வைப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். போனில் சொல்ல வாய் வராது. நேரில் போய், நன்றியைச் சொல்லி, இதையும் சொல்ல வேண்டும். நாலு நாள் லீவு போட்டான்.

சனிக்கிழமை காலை பேரிகைக்குப் போய், ஏரிச் சேற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே கிளம்புவதாகத் திட்டம். பேரிகை ரேவதியின் ஊர். ஏரிக்குள் முக்கால் மணி நேரம் வண்டியை உறுமவிட்டான். டயர் நன்றாகக் கவ்வியது. மட்கார்டில் சேறு தங்கவில்லை. கரையேறும்போது இடது பூட்ஸ் சூடாக நனைந்தது. குனிந்து பார்த்தான். எஞ்சின் ஆயில். செயின் பக்கமிருந்து கொழகொழவென்று வழிந்துகொண்டிருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே மாமியார் வீட்டுக்கு வந்தான். செல்வம்மாள் களத்தில் உட்கார்ந்து ரோஜாவைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் பாதிப் பூவோடு சந்தைக்குப் போயிருந்தார்.

"என்னுங்க மாப்ள, வண்டி உங்கள ஓட்டிட்டு வருதா, நீங்க வண்டிய ஓட்டிட்டு வரீங்களா?"

"ஆயில் போவுதுங்க அத்தை. கோபிக்கு போன் போட்டிருக்கேன்."

கோபி ஒரு மணி நேரத்தில் குட்டியானை லாரியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து அந்த ரப்பர் குழாயைப் பிடித்து இழுத்தான். போல்ட்டைப் பார்த்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம் அவனுக்கு.

"எந்தப் புண்ணியவான்டா இத அடைச்சது?"

"நான்தான். தண்ணி ஏறுமேன்னு."

"இது எஞ்சின் மூச்சு விடற குழாய்டா. உள்ள பொங்கற காத்து இது வழியாத்தான் வெளிய வரணும். நீ மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடுன்னா எங்க ஓடும்? காத்து போக வழியில்லாம செயின் மாட்டற ஸ்ப்ராக்கெட் பக்கத்து ஆயில் சீலத் தள்ளிட்டு வந்திருக்கு. படிச்ச எஞ்சினீயரு வேற."

"அப்ப தண்ணி ஏறாம இருக்க?"

"கொழாயை நீட்டமாக்கி சீட்டுக்கு அடில ஒசக்கக் கட்டணும். அடைக்கக் கூடாது. எங்கிட்ட ஒருவாட்டி காட்டியிருந்தா ரெண்டு நிமிசத்துல சொல்லியிருப்பேன்."

"சீல் இப்பக் கெடைக்குமா?"

"பெங்களூர்ல இருந்து வரணும். திங்கக்கெழம மத்தியானம் கைக்கு வரும்."

ஹரீஷ் களத்து மேட்டில் உட்கார்ந்தான். இன்று ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை தீர்த்தஹள்ளி. அங்கிருந்து இன்னொரு பஸ். அதற்கு மேல் ஒன்பது கிலோமீட்டர் முழங்கால் சேற்றில் நடை. பத்து மணிக்குள் முடியாது. மத்தியானம் தாண்டிவிடும்.

செல்வம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்து இருவருக்கும் ஊற்றிக்கொடுத்தாள். "திங்கக்கெழம போய்க்கலாமே. நன்றி சொல்றதுக்கு என்ன, நாளும் கெழமையும் பாத்தா சொல்லணும்?"

"நாளைக்கே போவணும் அத்தை."

"அப்பிடி என்ன அவசரம்?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னான். கோபி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"அவங்களுக்கு இன்னும் தெரியாதா?" என்றாள் செல்வம்மாள்.

"தெரியாது."

"பன்னண்டாம் நாளு காரியத்தப்ப ஒரு போன் வந்துச்சே. எந்திரிச்சு வெளிய போனீங்களே. அதுவா?"

"ஆமா."

"அப்பறம் மாசாமாசம் எம் பொண்ணு எங்கன்னு கேக்கறப்ப என்ன சொன்னீங்க?"

அவன் மோரைப் பார்த்தபடி இருந்தான். "குளிக்கிறான்னு. கடைக்குப் போயிருக்கான்னு. அப்பறம்... உங்க வீட்டுக்கு வந்திருக்கான்னு."

செல்வம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். முள் கீறிய கை. துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"பதினோரு மாசமா எங்கூட்டுல இருக்காளா?"

அவன் மோரைக் கீழே வைத்தான்.

"எம் மவளத் தூக்கிட்டுப் போனவங்க யாரு எவருன்னு நான் தெனம் நெனைக்கறேன். ஒரு கும்புடு போடலயேன்னு. உங்களக் கேட்டா நீங்க வாயத் தெறக்க மாட்டேங்கறீங்க. கேட்டா நோவுமேன்னு நானும் வுட்டுட்டேன். நாளைக்கு நல்ல காரியத்துல, சனத்துக்கு நடுவுல போயி நின்னு, செத்துட்டான்னு சொல்லப் போறீங்களா? அந்தக் கொழந்தயப் பெத்தவளுக்கு எப்பிடி இருக்கும்? போனப் போடுங்க."

"அத்தை..."

"இப்பயே போடுங்க மாப்ள."

போட்டான். ஸ்பீக்கரில் முதலில் மழைதான் கேட்டது. தகரத்தில் விழும் மழை. அப்புறம் காவேரியின் குரல். கிளம்பியாச்சா என்றாள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர், இடது பக்கம் பாறை இருக்கிறது, அதை ஒட்டியே வாங்க என்றாள். ரேவதியிடம் கொடுங்க, ஒரு வார்த்தை பேசணும் என்றாள்.

அவனுடைய கன்னடம் தொழிற்சாலைக் கன்னடம். மெஷின், ஷிப்ட், சாப்பாடு, அவ்வளவுதான். சாவுக்கான சொல்லை அதில் அவன் ஒருநாளும் பேசியதில்லை. இப்போது பேசினான். "ரேவதி செத்துப் போயிட்டாம்மா. போன வருஷமே. நான் பொய் சொல்லிட்டேன்."

மழை மட்டும் பெய்தது.

"எப்ப?" என்றாள் காவேரி.

"உங்க வீட்டுல இருந்து போன பத்தொம்பதாம் நாள்."

"நான் போன் பண்ணப்பப் பேசினாளே?"

"அது எட்டாம் நாள். அது நெசம். அவதான் பேசினா."

காவேரி அழுவது கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. செல்வம்மாள் கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான்.

"நான் அவளப் பெத்தவம்மா" என்றாள் செல்வம்மாள். பேரிகைக்காரி. அவளுக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே நாக்கில்தான். "உன்னால எம் மவ பத்தொம்பது நாளு என் கண்ணு முன்னால இருந்தா. எங்கையால சோறு தின்னா. உன் காலு எந்தத் தெசையில இருக்குதோ அந்தத் தெசைக்கு இங்கிருந்தே கும்புடறேன்."

அந்தப் பக்கம் ஏதேதோ சொல்லி அழுதார்கள். இந்தப் பக்கமும். கோபி குட்டியானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கொஞ்சம் அடங்கியதும் செல்வம்மாள் கேட்டாள்: "அந்த டில்லர்ல போறப்ப ரொம்பத் துடிச்சாளா?"

ஹரீஷ் நிமிர்ந்தான். அந்த ஒன்பது கிலோமீட்டரும் அவன் பின்னால் வண்டியோடு போராடிக்கொண்டு வந்தான். டிரெய்லரில் அவள் என்ன சொன்னாள், சொன்னாளா என்பதே அவனுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

தலைவலி இருந்தது, ஆனால் நினைவு இருந்தது என்றாள் காவேரி. எந்நேரமும் அவனைத்தான் கேட்டாளாம். பின்னால் வருகிறானா, விழுந்துவிட்டானா என்று. அவன் விழும்போதெல்லாம் காவேரி பார்த்துச் சொல்வாளாம். ரேவதி விரலை மடக்கி எண்ணுவாளாம். நாலாவது முறை வாய்விட்டுச் சிரித்தாளாம். ஊருக்குப் போனதும் இவருக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கணும் என்றாளாம்.

"அஞ்சு தடவ" என்றான் ஹரீஷ். "நாலு இல்ல, அஞ்சு. கடைசியா ஓடை திரும்பினதும் விழுந்தேன். அத அவங்க பாத்திருக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். ஆஸ்பத்திரியில், சுடுகாட்டில், காரியத்தில் வராதது இப்போது வந்தது. நிற்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. செல்வம்மாள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவன் தலைமேல் வைத்துக்கொண்டு பேசினாள். அவ்வளவு தூரத்தில் ஒருத்தி, இவ்வளவு கிட்டத்தில் ஒருத்தி. சொல்லக் கிளம்பிய நன்றியை அவன் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

பேர் விஷயத்தைக் குழந்தையைப் பெற்ற மருமகளிடம்தான் கேட்க வேண்டும் என்று காவேரி போனை வைத்தாள். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். மழையில் பாதி உறவு வரவில்லை. நாளைக்குத் தொட்டிலில் போடுவது மட்டும். பேர், இவர்கள் வந்த பிறகு. அதே பேரா, வேறு பேரா என்று மருமகள் சொல்லவில்லை. ரேவதியின் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாளாம்.

"அப்பறம் என்ன, நானும் வரேன்" என்றாள் செல்வம்மாள்.

"அத்தை, அது சேறு."

"நீங்க திங்கக்கெழம வண்டியக் கெளப்புங்க. நான் செவ்வாக்கெழம பஸ்ஸுல தீர்த்தஹள்ளி வந்து எறங்கறேன். அந்த ஒம்போது கிலோமீட்டருக்கு மட்டும் பின்னால ஏத்திக்குங்க. டிவிஎஸ்ல ரெண்டு பக்கமும் பூ மூட்டயக் கட்டிட்டு இருட்டோட ஓசூர் சந்தைக்குப் போனவ நான். எனக்குச் சேறு காட்டறீங்களா?"

"அம்மா, இவன் அஞ்சு தடவ வுழுந்தவன்" என்றான் கோபி.

"வுழுந்தா எண்ணிக்கறேன். நீ உன் வேலயப் பாருப்பா."

கோபி சாமான்களைக் கட்டுவதற்காகப் பின்னால் மாட்டியிருந்த கம்பிச் சட்டத்தைக் கழற்றத் தொடங்கினான். பிறகு பின்சக்கரத்து ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தான். ஒரு ஆளுக்கென்று வைத்தது. ரெண்டு ஆளுக்கு இறுக்க வேண்டும்.

"அம்மா, எத்தன கிலோ இருப்பீங்க?"

"பொம்பளகிட்டக் கேக்கற கேள்வியாடா இது?"

"சேத்துல வண்டி தரையத் தட்டுமேம்மா."

"அம்பத்தெட்டு. போன வாரந்தான் பூ மண்டித் தராசுல ஏறிப் பாத்தேன்."

ஹரீஷ் எழுந்துபோய் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். கோபி ஸ்பேனரைப் போட்டு ஸ்பிரிங்கின் வளையத்தைத் திருப்பினான். ஒன்று. இரண்டு.

"இன்னொரு சுத்து" என்றான் ஹரீஷ்.