வழியில் போட்ட ஆறு தபால்கள்

ஐம்பத்து நாலு வயதில் மணிமொழி கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது பெரம்பலூரில் அவள் தெருவே வேடிக்கை பார்த்தது. கணவர் பஞ்சநாதன், அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசலில் நின்று சிரித்தார். சர்க்கரை நோயால் அவருக்குப் பார்வை மங்கி, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் சுவாதி துபாய் போகும்போது விட்டுச் சென்ற கார் சும்மா நின்றது. வடக்கே ஒரு சுற்றுப் போய்வரலாம், பெங்களூரு, ஐதராபாத், போபால், ஜெய்ப்பூர் என்று தலைநகரங்களாகப் பார்த்துவரலாம் என்று மணிமொழி சொன்னபோது அவர் உடனே சம்மதித்தார். மனைவிக்கு ஊர் சுற்றிக் காட்டப் போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பயணத்துக்கு விதை போட்டது ஒரு பழைய ஃபைல்.

தை மாதம் உடையார்பாளையத்துப் பூர்வீக வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய அலுவலகக் காகிதக் கட்டுகளுக்குள் அது அவள் கைக்குக் கிடைத்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று, 1994-இல் அவள் பெயருக்கு வந்த ரயில்வே வேலை உத்தரவு. செகந்திராபாத்தில் எழுத்தர் பணி. இன்னொன்று, அதற்குப் போன பதிலின் கார்பன் நகல். குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த வேலையை ஏற்க இயலவில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே அவள் பெயரில் கையெழுத்து. எழுத்து பஞ்சநாதனுடையது.

அந்த வருடம் அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. தபால்காரரிடம் கடிதத்தை வாங்கியவர் அவர்தான். அவள் எழுதியிருந்த ரயில்வே பரீட்சைக்குத் திருச்சி வரை போய் ரிசல்ட் பார்த்து வந்ததாகவும், அவள் நம்பர் இல்லை என்றும் அன்று சொன்னார். அத்தோடு விட்டிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாளோ என்னவோ. அவர் விடவில்லை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் பந்தியில் உட்கார்ந்து அதைச் சொல்லுவார். எங்க வூட்டம்மா பரிட்சை எழுதினதைப் பாத்து ரயிலே தடம் மாறிப் போயிடுச்சு என்பார். இலைக்கு இலை சிரிப்பார்கள். சுவாதி கணக்கில் மார்க் குறைந்து வந்தால் அம்மா மூளை என்பார். சுவாதியின் கல்யாணத்தன்று புதுச் சம்பந்திகள் முன்பும் சொன்னார். மணிமொழி அதை நம்பினாள். பேங்கில் ஒரு படிவம் நிரப்பக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்தாள். தனக்கு மண்டையில் ஒன்றும் இல்லை என்று முப்பது வருடம் நினைத்தபடியே சமைத்தாள், துவைத்தாள், மாமியாருக்கு மலம் அள்ளினாள்.

தாள்களைப் படித்த அன்று அவள் அழவில்லை. மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினார்கள். ஆத்தூரில் தபால் ஆபீஸ் முன்பு அவள் வண்டியை நிறுத்தினாள். பையில் ஆறு உறைகள் இருந்தன. ஒவ்வொரு ஊரிலிருந்தும் தெரிந்தவர் ஒருவருக்குத் தபால் போட ஆசை என்றாள். பஞ்சநாதனுக்கு அது பிடித்திருந்தது. போகிற வழியெல்லாம் தன் பேர் ஊருக்குப் போய்ச் சேரும் அல்லவா. பின்கோடை இப்படியா எழுதுவது என்று திட்டிவிட்டுத் தானே பசை தடவி ஒட்டினார். அனுப்புநர் இடத்தில் தன் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

“உள்ள என் பேரையும் போட்டியா?”

“போட்டிருக்கேங்க. உங்களைப் பத்தித்தான் எல்லாம்.”

ஒவ்வொரு உறைக்குள்ளும் அந்த இரண்டு தாள்களின் ஜெராக்ஸ் இருந்தது. கூடவே அவள் எழுதிய இரண்டு வரி: ‘நான் தேறவில்லை என்று இவர் சொன்னபோது நீங்களும் சிரித்தீர்கள். நடந்தது இது.’

முதல் உறை உடையார்பாளையத்தில் இருக்கும் அவருடைய அக்கா உண்ணாமலைக்கு. தர்மபுரியில் போட்டது அவருடைய ஆபீஸ் நண்பர் அறிவரசனுக்கு. பெங்களூருவில் போட்டது சம்பந்திக்கு. சிக்கபல்லாபூர், அனந்தபூர், கர்னூல் என்று மீதி மூன்றையும் போட்டாள். ஸ்பீடு போஸ்ட் ரசீதுகளை அவரே வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் கியரை மாற்று, லாரிக்கு வழி விடு என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் அவர் சொன்னபடி கேட்டாள். இன்னும் இரண்டு நாள், இன்னும் ஒரு நாள் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். அப்படி எண்ணுவது அவளுக்கு இனித்தது.

வியாழக்கிழமை காலை செகந்திராபாத்தில் ரயில்வே அலுவலக வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்தினாள். கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவள் வயதுப் பெண்களும் அதில் இருந்தார்கள். பஞ்சநாதன் இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். அவள் அசல் தாள்களை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்து படித்தார். முதல் வரியிலேயே முகம் வெளுத்துவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினார்.

“வயித்துல புள்ளையோட உன்ன இவ்ளோ தூரம் எப்படி அனுப்புறது? ஊரு என்ன பேசும்?”

“அனுப்ப மாட்டேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், தோத்தும் போயிருப்பேன். என்ன எதுக்குங்க முட்டாளாக்கினீங்க?”

அப்போது அவர் போன் அடித்தது. உண்ணாமலை. அவர் எடுக்கத் தயங்க, மணிமொழி கைநீட்டி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“பஞ்சநாதா, தபால் வந்துச்சுடா. பேரன் படிச்சுச் சொன்னான். அது நீ போட்ட கையெழுத்துதானா?”

அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பஞ்சநாதன் மெல்லச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அந்த ஆறு உறைகளில் என்ன இருந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மணிமொழி காரை ஸ்டேஷனுக்கு விட்டாள். அவர் பையைத் தனியாகக் கட்டி வைத்திருந்தாள். மாத்திரைகள், சாப்பாட்டுப் பொட்டலம், மத்தியானச் சென்னை வண்டிக்கு ஒரு டிக்கெட் எல்லாம் கொடுத்தாள். இந்த ஊர் பாஷைகூட எனக்குத் தெரியாதே என்று அவர் கெஞ்சினார்.

“எனக்கும்தான் தெரியல. வந்து இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இரக்கம் வரும் என்று பயந்திருந்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும் என்றுதான் தோன்றியது. வண்டி கிளம்பும் வரை பிளாட்பாரத்தில் நின்று பார்த்தாள்.

பிறகு அவள் தனியாக வடக்கே ஓட்டினாள். நிர்மலில் டீ குடித்தாள், ஆதிலாபாத்தில் தங்கினாள். நாக்பூர் தாண்டும்போது சுவாதி பேசினாள். அப்பா சாப்பிடாமல் கிடக்கிறார், வந்துவிடு என்றாள். பசித்தால் சாப்பிடுவார் என்று சொல்லிவிட்டு மணிமொழி போபாலுக்குப் போனாள். ஏரிக்கரையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். ஜெய்ப்பூர் வரை போய்த்தான் திரும்பினாள்.

பெரம்பலூர் வீட்டுக்குப் போகவில்லை. அரியலூரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். ஒரு வாரம் கழித்து உண்ணாமலை தேடிக்கொண்டு வந்தாள். மணிமொழி காபி கொடுத்தாள். அறிவரசன் பேச்சை நிறுத்திவிட்டார், சம்பந்தி வீட்டில் முகம் கொடுப்பதில்லை, மீன்சுருட்டியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவன் பந்திக்குக்கூட உட்காராமல் பஸ் ஏறிவிட்டான் என்று தம்பியின் நிலைமையை உண்ணாமலை சொல்லிக்கொண்டே போனாள். மணிமொழி ஒரு வார்த்தையும் தவறவிடாமல் கேட்டாள். கல்யாணத்தில் யார் யார் இருந்தார்கள் என்று விசாரித்தும் தெரிந்துகொண்டாள்.

“அவன் கூனிக் குறுகிப் போயிட்டான் மணி. இன்னும் போதலையா ஒனக்கு?”

மணிமொழி கொஞ்சம் யோசித்தாள்.

“போதல அண்ணி,” என்றாள்.