ட்ரெட்மில் வேண்டாம்

"எத்தனாவது மாசம்மா?" என்று காய்கறிக் கடைக்காரம்மா அவள் வயிற்றைப் பார்த்துக் கேட்டபோது, இளவேனிலின் மகன் நிலவனுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. அவனை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். "அஞ்சு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, எதுவும் வாங்காமல் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

குவார்ட்டர்ஸுக்கு வந்து கணவன் அசோக்குமாரிடம் இதைச் சிரிப்பாகச் சொல்லத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அவன் மைன்ஸில் நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிறவன். எந்தச் சிக்கலுக்கும் ஏதாவது ஒரு மெஷின் இருக்கும் என்று நம்புகிறவன்.

"அழாத. ட்ரெட்மில் ஒண்ணு வாங்கிடலாம். கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நீ எங்க வெளிய ஓடப்போற? காலேஜ்ல நானூறு மீட்டர் ஓடுனவதானே நீ?"

ஞாயிற்றுக்கிழமை மூவரும் மந்தாரக்குப்பத்தில் உடற்பயிற்சிச் சாமான் விற்கும் கடைக்குப் போனார்கள். கடையை நடத்துகிறவள் மலர்கொடி. நாற்பதைத் தாண்டியவள், வளர்த்தியான ஆள். அசோக்குமார் மோட்டார் எத்தனை ஹார்ஸ்பவர், பெல்ட் எத்தனை நாள் தாங்கும் என்று துளைத்துக்கொண்டிருக்க, இளவேனில் ட்ரெட்மில்லில் ஏறி நடந்து பார்த்தாள்.

"வேகத்த ஏத்து, பழைய ஆளு வெளிய வரட்டும்" என்றான் அவன், குழந்தையை ஆட்டியபடி.

ஏற்றினாள். கால்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. ஓர் அரை நிமிடம் அவளுக்கு எல்லாமே மறந்துபோனது. அடுத்த கணம் தொடையில் வெதுவெதுப்பாக இறங்கியது. இருமும்போது லேசாகச் சிறுநீர் கசிவது பிரசவத்துக்குப் பிறகு பழகிப்போன ஒன்றுதான். இது அப்படியல்ல. இளமஞ்சள் பேன்ட் நனைந்துவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டு, கீழே இறங்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மலர்கொடி ஒரு பார்வைதான் பார்த்தாள். "சார், மாடியில சைக்கிள் மாடலு ரெண்டு இருக்குது. புள்ளயத் தூக்கிக்கினு போயி பாத்துட்டு வாங்க" என்று அவனை அனுப்பினாள். பிறகு நாற்காலியில் கிடந்த தன் துப்பட்டாவை எடுத்து இளவேனிலின் இடுப்பில் சுற்றி, பின்கட்டிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். மாற்றிக்கொள்ள ஒரு நைட் பேன்ட் கொடுத்தாள்.

"வெக்கப்படாதீங்க. எனக்கும் ரெண்டாவது பொறந்தப்போ இப்பிடித்தான். வூட்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லாம ரெண்டு வருசம் மறைச்சிக்கினு இருந்தேன்."

"இது சரியாகுமா அக்கா?"

"எனக்கு சரியாச்சுங்க. டாக்டரப் பாத்தேன், பிசியோதெரபிக்கு அனுப்பினாங்க. அடிவயித்துக்குக் கீழ இருக்கற சதைய இறுக்கி விடுற பயிற்சி. உக்காந்தாப்லயே செய்யலாம். மொதல்ல அதப் பாருங்க. அதுவரைக்கும் ஓட்டம் வாணாம். விக்கிறவ நானே சொல்றேன்."

அவர்கள் கடைக்குத் திரும்பியபோது அசோக்குமார் மாடியிலிருந்து இறங்கி வந்து, "ட்ரெட்மில்லயே எடுத்துடலாமா?" என்றான்.

"வேண்டாம்."

"ஏன்? நல்லாத்தானே ஓடுன? இது யாரு பேன்ட்டு?"

"வீட்டுக்குப் போகலாம்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். டவுன்ஷிப்புக்குள் நுழைந்து, ஆளில்லாத ஒரு மரநிழலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்காமல், நிலவனின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் வண்டியிலிருந்து இறங்கி நின்றான். அருவருப்புப்படுகிறானோ என்று பயந்தாள்.

"எட்டு மாசமாவா?" என்றான். "பக்கத்துலயே இருந்திருக்கேன், ஒண்ணுமே தெரியல. நான் வேற வேகத்த ஏத்துன்னு சொன்னேன்."

"எனக்கும் ஓட ஆசையாத்தான் இருந்துச்சு" என்றபோது, அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. அவன் ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் அவளையும் பிடித்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அவனும் வந்தான். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை அவள் தினம் மூன்று வேளை செய்தாள். சில நாள் மறந்தாள், சில நாள் ஒரு பயனும் இல்லையென்று சலித்துக்கொண்டாள். நடுவில் ஒரு வாரம் அடியோடு விட்டுவிட்டு, மறுபடி தொடங்கினாள். மூன்றாவது மாதம் பிசியோதெரபிஸ்ட்டே, "இப்ப சைக்கிள் மிதிக்கலாம்" என்றாள்.

முதுகு சாய்த்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் ஒன்றை மலர்கொடியே ஆட்டோவில் கொண்டுவந்து, பால்கனிக் கதவோரம் பாகங்களைப் பூட்டிக் கொடுத்தாள். வயிறு அப்படியேதான் இருந்தது. இளவேனில் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். பன்னிரண்டு நிமிடத்தில் நெற்றி வியர்த்தது, மூச்சு இரைத்தது. உடை நனையவில்லை.

"போதும், எறங்கு. இவன் உன்கிட்ட வரணும்னு சிணுங்குறான்" என்றான் அசோக்குமார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் அவன வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.