காலி வண்டி

காலை ஆறேகாலுக்கெல்லாம் பரசுராமன் நான்கு மணல் மூட்டைகளையும் காரில் ஏற்றி முடித்திருந்தான். முன்சீட்டில் ஒன்று, பின்சீட்டில் இரண்டு, டிக்கியில் சின்னதாக ஒன்று. சீட்டில் உட்காரும் மூட்டைகள் ஒவ்வொன்றும் அறுபத்தைந்து கிலோ. ஒரு புருஷன், பெண்சாதி, வயதுக்கு வந்த ஒரு பிள்ளை, கூட அவர்களுடைய பெட்டி என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மூட்டைகள் சரியாமலிருக்கக் கயிற்றால் சீட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது இடுப்பில் எங்கோ ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. நாற்பத்தொரு வயதுக்கு அது கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்ட வலி. கதவைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றான்.

தண்டலத்தில் மெயின்ரோட்டை ஒட்டியிருந்த அந்தக் கம்பெனி பிரேக் பட்டைகள் செய்தது. பிரேக்கை மிதித்தால் சக்கரத்துக்குள் போய் உரசி வண்டியை நிறுத்துகிற பட்டை. வடக்கே ஒரு கார் கம்பெனிக்குப் புதுப் பட்டை கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய காரிலேயே முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, பட்டை எவ்வளவு தேய்கிறது என்று காட்டினால்தான் ஆர்டர். ஓட்டுவதற்குத் தினக்கூலிக்கு எடுத்த ஆள்தான் பரசுராமன். டெஸ்ட் நல்லபடியாக முடிந்தால் பர்மனென்ட் என்று மேனேஜர் வாயால் சொல்லியிருந்தார். இருபத்தாறாயிரம் முடிந்திருந்தது.

பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டியவன். முதல்நாள் இந்தக் காரைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. எண்ணூறு சிசிக்கு நாலு குறைவு, மூன்றே சிலிண்டர், நாலு கியர், பன்னிரண்டு அங்குலச் சக்கரம். ஆள் ஏறாமல் மொத்த எடையே அறுநூற்றைம்பது கிலோதான். அவன் லாரியில் ஏற்றிய நெல்மூட்டைகளில் ஒரு வரிசைகூட வராது. மூன்று மாதத்தில் அதன் குணம் முழுக்க அவனுக்குப் படிந்துவிட்டது. குளிர்ந்த எஞ்சினில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், கெஞ்சித்தான் போடவேண்டும். மூன்றாவதில் நாற்பதிலிருந்து அறுபது வரை குழந்தை மாதிரி ஓடும். எழுபத்தைந்தைத் தொட்டால் ஸ்டியரிங் விரல்களுக்குள் மெல்ல நடுங்கும், எண்பதில் நடுக்கம் நின்றுவிடும். எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம் என்பதால் கனமெல்லாம் மூக்கில்தான், வால்பக்கம் காகிதம். மூட்டைகள் இருந்தால்தான் அந்த வால் தரையில் உட்காரும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத், சுங்குவார்சத்திரம், மறுபடி ஸ்ரீபெரும்புதூர். ஒரு சுற்று அறுபத்தைந்து கிலோமீட்டர், நாளைக்கு ஐந்து சுற்று. போய்ச் சேர என்று ஓர் ஊர் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் தன் ஊரான பிள்ளைப்பாக்கத்தைக் கடந்து போவான். அவன் மனைவி செங்கமலம் சில நாள் பம்புசெட்டருகே துணி துவைத்துக்கொண்டிருப்பாள். நிறுத்தக்கூடாது, ஆளை ஏற்றக்கூடாது. ஆரம்பத்தில் ஹாரன் அடிப்பான், அவளும் நிமிர்ந்து பார்ப்பாள். இப்போது அவன் அடிப்பதுமில்லை, அவள் நிமிர்வதுமில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட அந்த வாரத்தில், நான்காவது சுற்று முடிந்து வந்தபோது மூட்டைகளில் இரண்டு கதவிடுக்கில் ஒழுகிய தண்ணீரில் நனைந்து கிழிந்து மணல் சீட்டெல்லாம் கொட்டியிருந்தது. ஸ்டோர்ஸ் நாகப்பன் நான்கையும் இறக்கிக்கொண்டு போய்விட்டார். கோணி தைத்துத் தர நாளை ஆகும் என்றார். டெஸ்ட்டைப் பார்த்துக்கொண்ட எஞ்சினியர் தணிகாசலம் குன்றத்தூர்க்காரன், பரசுராமனைவிடப் பத்து வயது சின்னவன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"கிலோமீட்டர் கொறையக் கூடாது அண்ணே. ஒரு சுத்துதானே, காலியாவே போய்ட்டு வந்துருங்க."

பிள்ளைப்பாக்கத்து வளைவில், ரோட்டில் தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டியதும் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடியது. வேகம் ஐம்பதுதான். பிரேக்கை மிதித்தான். இடது பின்சக்கரத்தை யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல் இருந்தது. வால் வலப்பக்கமாக வீசியது, மூக்கு இடப்பக்கம் திரும்பியது, ஸ்டியரிங் கையில் இருந்தும் இல்லாததுபோல் ஆனது. கார் நின்றபோது ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. மூக்குக்கும், புல்லுக்கட்டைத் தலையில் வைத்தபடி ஓரமாக நின்ற பெண்ணுக்கும் நடுவில் இரண்டடி.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது? வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?" என்று கத்தியவள், ஆளை அடையாளம் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். கிளியம்மாள், நாலு வீடு தள்ளி இருப்பவள். "நம்ம செங்கமலம் வூட்டுக்காரரா?" என்றாள். அவள் புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

பயந்துகொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரகடத்துக்கு முந்தைய நேர்ரோட்டில், முன்னும் பின்னும் வண்டி இல்லையென்று பார்த்துக்கொண்டு, அவன் மூன்று தடவை சோதித்தான். சக்கரம் நனையாமல் பிடித்தால் கோடு போட்டமாதிரி நின்றது. தண்ணீரில் இறக்கிவிட்டுப் பிடித்தால் வீசியது. மூன்று தடவையும் வலப்பக்கமாக, எதிரில் வண்டி வருகிற பக்கமாக. கம்பெனிக்கு வந்து தினப்படித் தாளில், வழக்கமாக 'ஓகே' என்று எழுதும் கட்டத்தில், தன் கோணல் கையெழுத்தில் எழுதினான்: 'ஆள் இல்லாமல் ஓட்டினேன். மழைத் தண்ணியில் பிரேக் பிடித்தால் பின்னாடி வீசுகிறது. நாலு தடவை.'

தணிகாசலம் அதை நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தான்.

"அண்ணே, எல்லா சுத்தும் ஃபுல் லோடுன்னுதான் ரெக்கார்டு. காலியா அனுப்புனது நான். இது மேல போச்சுன்னா எனக்குத்தான் மெமோ. வேற தாள் தரேன், ஓகேன்னு போட்டுக் குடுங்க."

"சார், ஒரு பொம்பள மேல ஏத்திருப்பேன் சார்."

"புரியுது. ஆனா காலி வண்டி டெஸ்ட்ல கெடையாது. கார் கம்பெனி குடுத்த ஸ்பெக்குல இருக்கறதைத்தான் நம்ம பாக்கணும்."

"கார் வாங்கறவன் பொண்டாட்டி புள்ளயத் தெனமும் ஏத்திகினா சார் ஆபீஸ் போவான்?"

தணிகாசலம் வெள்ளைத் தாளை மேஜைமேல் நகர்த்தினான். பரசுராமன் அதைத் தொடவில்லை. மறுக்கவும் இல்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவருமே விட்டுவிட்டதுபோல் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது விஷயம் அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. செங்கமலம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "கிளியம்மா வந்து அழுதுட்டுப் போச்சு. இன்னாயா ஆச்சு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னான். அவன் மறுபடி லாரிக்குப் போனால் மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்கமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும்.

"எழுதிக் குடுத்தா வேல போய்டுமா?"

"தெரியல. டெஸ்ட்டு நின்னுபூடும்."

"எழுதாங்காட்டி?"

அவன் தட்டைப் பார்த்தபடி, "அந்தப் பட்டைய எல்லா வண்டிக்கும் போட்ருவான்," என்றான். அவள் எழுந்துபோய் அவன் முதுகுக்குத் தைலம் எடுத்துவந்தாள்.

மறுநாளும் மழை விடவில்லை. நாகப்பன் தைத்த மூட்டைகளோடு வந்தபோது பரசுராமன் அவற்றை ஏற்றாமல் கார் சாவியைத் தணிகாசலத்திடம் நீட்டினான். "நீங்களே ஒரு வாட்டி ஓட்டிப் பாருங்க சார். பாத்துட்டு, ஓகேன்னு எழுதச் சொன்னீங்கன்னா எழுதறேன்."

ஒரகடம் நேர்ரோடுவரை சேர்ந்தே போனார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் வால் வீசுவது தெரியாது என்று பரசுராமன் ஒரு கல்வெர்ட்டுப் பாலத்தருகே இறங்கிக்கொண்டான். சட்டையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு நின்றபோதுதான், தான் மூன்று மாதமாக ஓட்டிய காரை வெளியிலிருந்து ஓடப் பார்ப்பது இதுவே முதல் தடவை என்று தோன்றியது. எவ்வளவு சின்ன வண்டி. அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது, பிரேக் விளக்கு எரிந்தது, அதே கணத்தில் வால் வெளியே வீசியது. அவன் வாய்விட்டுக் கத்தினான். கார் அரைவட்டமாகச் சுற்றி, ஒரு சக்கரம் மண்ணில் இறங்க, வந்த திசையைப் பார்த்து நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். தணிகாசலத்தின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. எஞ்சின் அணைந்திருந்தது. வைப்பர் மட்டும் போய்ப்போய் வந்தது.

"என் தங்கச்சி புருஷன் இந்தக் காருக்குத்தான் புக் பண்ணி வெச்சிருக்கான்," என்றான் தணிகாசலம், யாரிடமோ சொல்வதுபோல். பிறகு, "நீங்களே ஓட்டுங்க அண்ணே," என்று மெல்ல இறங்கினான்.

கம்பெனியில் அவன் பழைய தாளை எடுத்து, பரசுராமனின் வரிக்குக் கீழே 'நானும் ஓட்டிப் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனான். முக்கால் மணி நேரம். கண்ணாடிக்கு அப்பால் மேனேஜரின் வாய் மட்டும் அசைவது தெரிந்தது. வெளியே வந்தபோது தணிகாசலத்தின் கையில் அந்தத் தாள் இல்லை.

"டெஸ்ட்ட நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க. உங்களக் கூப்ட்டு அனுப்பறேன்னாங்க."

"தாள மேல அனுப்புவாங்களா சார்?"

"வாங்கி டிராயர்ல வெச்சாரு. எனக்கும் தெரியலண்ணே," என்றான்.

காரை ஷெட்டில் விட்டு, மீட்டரைப் பார்த்துக் கடைசி எண்ணை எழுதி, சாவியை நாகப்பனிடம் கொடுத்தான் பரசுராமன். உடம்பு முழுக்க ஒரு அசதி. கோபப்படக்கூட முடியாத அசதி. மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பகலில் வீட்டுக்குப் போகிறான்.

தண்டலம் பஸ் ஸ்டாப்பில் அவனைத் தவிர யாரும் இல்லை. மழை சாய்வாக அடித்தது. மெட்ராஸ் பக்கமிருந்து அவன் ஓட்டியதைப் போலவே ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்தது. உள்ளே ஓட்டுகிறவர் மட்டும்தான்; கழுத்தில் டையோடு கண்ணாடியை ஒட்டிக் குனிந்து ரோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அவனைத் தாண்டியதும் முன்னால் ஒரு மாட்டுவண்டி மெதுவாக ரோட்டில் ஏறியது. காரின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஈர ரோட்டில் அவற்றின் சிவப்பு நீளமாக இழுபட்டது. அந்தப் பட்டை இதில் வந்திருக்காது என்று தெரிந்தும், பரசுராமன் குடையில்லாமல் ரோட்டில் இறங்கி, அந்த விளக்குகளையே பார்த்தபடி நின்றான்.