சிவப்புச் சாவி

அடைக்கலராஜை அந்த டிரெட்மில் தூக்கி எறிந்தது புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு. ஏழு மாதத்துக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்துகொண்ட மனுஷன் அவர். தினம் அரை மணி நேரம் நடந்தே ஆகவேண்டும், ஆனால் மூச்சு வாங்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மேலப்புதூர் சந்துகளில் நாய்களுக்குப் பயந்து நடக்க முடியாமல்தான் ஸ்ரீரங்கத்துச் சிநேகிதர் பீமராவிடம் இந்தப் பழைய மெஷினை வாங்கிக் கூடத்தில் போட்டிருந்தார்கள். அன்று அவர் ஏறிப் பொத்தானை அழுத்தியதும், மெதுவாக ஊரவேண்டிய பெல்ட் எடுத்த எடுப்பிலேயே தலைதெறிக்க ஓடியது.

அவர் மனைவி பேட்ரிசியா காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவர் நாலைந்து எட்டு ஓடினார். இந்த மாதிரி ஆபத்துக்கென்றே அதில் ஒரு சிவப்புச் சாவி உண்டு. அதை முன்பலகையில் செருகி, கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். இழுத்தால் சாவி கழன்று மெஷின் நின்றுவிடும். அவர் இழுத்தார். மெஷின் நிற்கவில்லை. அடுத்த நொடி அவர் பின்னால் கிடந்த மெத்தைச் சுருளில் போய் விழுந்தார். பேட்ரிசியா டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவர் சிரிக்கக்கூடச் செய்தார். அவள்தான் அந்த பிளக்கைத் திரும்ப மாட்ட விடவில்லை.

மெஷின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துவந்தாள். அவர் குளித்துவிட்டு வருவதற்குள், மாதா படத்தடியில் இருக்கும் பாட்டிலை எடுத்து மெஷினுக்குத் தீர்த்தம் தெளிப்பாள். அவர்கள் பங்குச் சாமியார் பழைய காலத்து ஆள். உப்பை மந்திரித்துத் தண்ணீரில் கலந்துதான் தீர்த்தம் செய்வார். மோட்டார் மூடி மேல் மூன்று முறை தெளித்துவிட்டு, விரலை நனைத்துச் சாவித் துளையில் ஒரு சிலுவை போடுவாள். அவர் உயிர் அந்தச் சாவியில்தான் இருக்கிறது என்பது அவள் எண்ணம். அவரும் ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர்தான். ஆனால் கல்லூரி இயற்பியல் லேபில் முப்பத்தோரு வருஷம் டெக்னீஷியனாக இருந்தவர். விஷயம் தெரிந்தால், மெஷினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயே, என்ன பேர் வைத்தாய் என்று கிறிஸ்துமஸ் வரைக்கும் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பயந்துதான் மறைத்தாள்.

புதன்கிழமையோடு தெளிப்பது நின்றது. ஓடாத மெஷினுக்கு எதற்குத் தீர்த்தம்.

சனிக்கிழமை காலை அவர் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்தார். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். மெக்கானிக் வந்தால் கன்ட்ரோலர் போர்டையே கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டச் சொல்வான், தப்பு எங்கே என்று பார்க்கமாட்டான் என்றார். அவள் பயம் தெளியட்டும் என்று கூடவே விளக்கமும் சொன்னார். மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போகவேண்டும் என்று முடிவு செய்வது இந்த போர்டு. இதில் டப்பா மாதிரி நிற்பது கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது கரண்டைச் சேர்த்து வைத்திருக்கும், தொட்டால் ஆளை அடிக்கும். அவருடைய விளக்கங்கள் எப்போதுமே இப்படித்தான், கேட்டவருக்கு இருந்த தைரியமும் போய்விடும்.

இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வேலை செய்தார். ஏன் என்று கேட்டாள்.

"ரெண்டு கையும் பட்டா கரண்ட் நெஞ்சு வழியா போகும். ஒரு கைன்னா அவ்வளவு ஆபத்தில்ல" என்றார், காய் விலை சொல்கிற மாதிரி.

அவள் டார்ச் அடித்தபடி மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயர்களை அவர் கெப்பாசிட்டர் கால்களில் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. செத்தது, இனிமேல் தொடலாம் என்றார்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற மாஸ்பெட்டின் எந்தக் காலைத் தொட்டாலும் மீட்டர் கத்தியது. மாஸ்பெட் வெந்துபோய் நிரந்தரமாகத் திறந்துகொண்டது, அதனால்தான் மெஷின் அப்படிப் பாய்ந்தது என்றார். பிறகு லென்ஸை எடுத்துக் குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. போர்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. செம்புக் கோடுகள் பச்சை பிடித்திருந்தன. வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

பேட்ரிசியா கையிலிருந்த டார்ச் ஆடியது. ஒழுங்காகப் பிடி என்றார். அவள் பிடித்தாள். தான் தெளித்தது மூடியின் காற்றுத் துவாரம் வழியாக இறங்கியிருக்கிறது. இவர் நல்லபடி நடக்கவேண்டும் என்று தெளித்த தண்ணீர்தான் இவரைத் தூக்கி எறிந்திருக்கிறது.

அவர் அதற்குள் பீமராவுக்குப் போன் போட்டுவிட்டார். உப்புத் தண்ணீரில் நனைந்த மெஷினை ஏமாற்றித் தலையில் கட்டிவிட்டீர்கள், நான் செத்திருப்பேன் என்று சத்தம் போட்டார். பீமராவ் சாதுவான ஆள். தன் வீட்டில் காவேரித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரே கிடையாது, வேண்டுமானால் ரங்கநாதர் மேல் சத்தியம் செய்கிறேன் என்று குரல் நடுங்கச் சொன்னது இவளுக்கே கேட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

மேலப்புலிவார்டு ரோட்டில் மீரான் கடையில் புது மாஸ்பெட் வாங்கிவந்தார். போர்டை ஸ்பிரிட் விட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, அதில் மாஸ்பெட்டைப் பற்றவைத்தார். நேரடியாகக் கரண்ட் கொடுக்காமல் குண்டு பல்பை நடுவில் சேர்த்துக் கொடுத்தார். இன்னும் கோளாறு இருந்தால் பல்பு முழுசாக எரியும், மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. பல்பு மினுக்கென்று எரிந்து மங்கிவிட்டது. பல்பை எடுத்துவிட்டு ஓட்டினார். பெல்ட் சாதுவாக ஊர்ந்தது. சிவப்புச் சாவியை இழுத்தார். நின்றது. மூன்று முறை இழுத்தார், மூன்று முறையும் நின்றது.

"சாவில ஒண்ணுமில்ல. அன்னைக்குப் பதட்டத்துல நான்தான் சரியா இழுக்கல" என்றார்.

அவர் சரியாகத்தான் இழுத்தார். விழுந்து கிடந்தவரின் சட்டையில் அந்தச் சாவி தொங்கிக்கொண்டிருந்ததை அவள் அன்றைக்கே கண்ணால் பார்த்திருந்தாள்.

ஆனால் இன்றைக்கு நிற்கிறதே. இனிமேல் தெளிக்காமல் இருந்தால் போதும், யாருக்குத் தெரியப் போகிறது என்று மனசு சொன்னது. பீமராவோடு மனஸ்தாபம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். தாங்கிக்கொள்ளலாம். அந்த நினைப்போடு சமையலறைக்குப் போனவள் உப்பு ஜாடியைப் பார்த்தாள். ஐப்பசி மாசம், வானம் மூடிக்கொண்டு வந்தது. ஜாடிக்கு வெளியே ஈரம் கசிந்திருந்தது. வெயில் நாளில் மணலாக உதிர்கிற உப்பு, மழைக் காற்று பட்டால் தானாகவே தண்ணீர் விடும். முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறவளுக்கு இதற்கு லேப் வேண்டாம். சாவித் துளைக்குள் இருக்கிற உப்பும் கசியும், கசிந்தால் சாவியை இழுத்தாலும் மெஷின் நிற்காது. அன்றைக்கு, தெளித்த ஈரத்தோடு அவர் சாவியை இழுத்தார். நாளைக்கு மழையில் இழுப்பார்.

அவள் கூடத்துக்கு வந்தபோது அவர் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொண்டு ஒரு காலை மெஷின் மேல் வைத்திருந்தார்.

"ஏறாதீங்க" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த உப்பு பீமராவ் வீட்டு உப்பு இல்லங்க. நான் தெளிச்சது. தீர்த்தம். சாவி ஓட்டையிலயும் சிலுவை போட்டேன். அன்னைக்கு நீங்க சாவிய இழுத்தீங்க, நான் பாத்தேன். அது நிக்கல."

"தெனமுமா?"

"தெனமும்."

அவர் காலை இறக்கினார். அவர் சிரிக்கப் போகிறாரா, கத்தப் போகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் இல்லை. முன்பலகையைக் கழற்றினார். சாவித் துளைக்குப் பின்னால் இரண்டு சின்னக் கம்பிகள், நடுவில் பாலம் கட்டின மாதிரி வெள்ளை உப்பு. மோட்டார் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கரண்ட் கொடுத்தார். சாவி இல்லாததால் திரை இருட்டாக இருந்தது. விரலைத் தண்ணீரில் நனைத்து அந்த வெள்ளையில் ஒரு சொட்டு விட்டார். சாவியை யாரோ செருகின மாதிரி திரையில் எண்கள் எரிந்தன.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த பெல்ட் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் போனை எடுத்து, பீமராவிடம் தப்பு எங்கள் வீட்டில்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். என்ன தப்பு என்று சொல்லவில்லை.

சாவி ஸ்விட்சைப் புதிதாகப் போட்டு, பலகைக்குப் பின்பக்கம் முழுக்கக் கழுவித் துடைத்து முடிக்கச் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது பேட்ரிசியா பிளக் பக்கத்தில் ஸ்விட்சில் கை வைத்தபடி நின்றிருந்தாள். அவர் மாதா படத்தடியிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பாட்டிலைப் பார்க்கவே பயமாக இருந்தது அவளுக்கு.

"எம்மேல தெளி" என்று தலையைக் குனிந்தார். "அதுக்கு வேணாம்."

மெஷினை விட்டு நாலடி தள்ளி அவரை நிறுத்திவைத்துத் தெளித்தாள். பாதி பாட்டில் அவர் சட்டையிலேயே கொட்டிவிட்டது. அவர் போய்ச் சட்டையை மாற்றி, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து மெஷினில் ஏறினார். அந்த அரை மணி நேரமும் அவள் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.